ராசம்மாளின் மகளைக் கண்டுபிடித்தது நான்தான்

இந்த ஸ்டேஷனில் டீயை நல்ல தண்ணீரில் போடுகிறார்கள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. சிதம்பரத்தில் எந்தக் கடையில் குடித்தாலும் அடிநாக்கில் உப்பு நிற்கும். பாலைக் கூட்டினாலும் போகாது, சர்க்கரையைக் கூட்டினாலும் போகாது. உங்களுக்கு மேற்கேயிருந்து லாரித் தண்ணீர் வருகிறது போலிருக்கிறது. நல்லது.

கைவிலங்கு தேவையில்லை, மேடம். நானும் காக்கி போட்டவன்தான். கடலூர் முதுநகரில் கிரைம் ஏட்டாக இருந்தேன். ஒருவன் ஓடுவானா மாட்டானா என்பது அவன் நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே தெரிந்துவிடும். நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று பாருங்கள். தவிர, ஓடுவதற்கு இடமும் இல்லை. கிழக்கே அண்ணாமலை நகரோடு ஊர் முடிந்துபோகிறது.

நீங்கள் தேனிப் பக்கத்திலிருந்து இப்போதுதான் மாற்றலாகி வந்திருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். அதனால் இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத சிலவற்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்தது உங்களுக்கும் தெரியும். மற்ற ஊர்களில் அது வந்த வழியே திரும்பிப் போனது. எங்கள் பக்கம் மட்டும் நிலம் தாழ்ந்துவிட்டது. வந்த கடல் நின்றுவிட்டது. கிள்ளை முழுதாகப் போயிற்று, ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடிதான் மிச்சம். கடலூர் முதுநகரில் மாடி வீடுகளின் தலைகள் மட்டும் வெளியே தெரிகின்றன. அண்ணாமலை நகரில் மாணவர்கள் ஏறி இறங்கிய விடுதிப் படிக்கட்டுகளில் இன்று படகு கட்டுகிறார்கள். கடலூருக்குத் தெற்கே ரசாயனத் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றின் தொட்டிகள் தண்ணீருக்கு அடியில் இன்னும் கசிந்துகொண்டிருக்கின்றன. வாடைக்காற்று அடித்தால் அந்தப் பக்கத்திலிருந்து மஞ்சளாக ஒரு மேகம் எழும். அது பெய்தால் கார மழை என்போம். கண்ணில் பட்டால் பார்வை மங்கும். நெஞ்சுக்குள் போனால் இருமல் வரும், வந்த இருமல் போகாது. முழு மழையையும் வெட்டவெளியில் வாங்கியவன் பிழைத்ததில்லை. சங்கு ஊதினால் எல்லாரும் கூரைக்குள் போய்விட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பிழைத்தவர்களைக் கேப்பர் மலையில் தகரக் கொட்டகை போட்டு வைத்தார்கள். என் குடும்பமும் அங்கே இருந்தது. என் மகள் அறிவுமதிக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் கொட்டகைத் தகரம் வேறு எங்கோ கழற்றியது. நிறைய ஆணி ஓட்டைகள் இருந்தன. நான் தார் வாங்கி வந்து ஒவ்வொன்றாக அடைத்தேன். அவள் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்த ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. சிறிய ஓட்டை. சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்திருக்கும்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். என் மனைவி திருக்கோவிலூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பி வரவில்லை. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

நான் சிதம்பரத்துக்கு வந்து தெற்கு வீதியில் ஒரு மாடி அறை பிடித்தேன். காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துத் தரப்படும் என்று பலகை மாட்டினேன். வேலையில் நான் கெட்டிக்காரன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டுகிறவர்கள் யாரையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கடல் வந்த பிறகு யார் முகமும் பழைய போட்டோ மாதிரி இல்லை. நான் முகத்தைக் கேட்க மாட்டேன். பழக்கத்தைக் கேட்பேன்.

ராசம்மாள் அப்படித்தான் வந்தாள். அவளும் கேப்பர் மலை முகாமில்தான் இருந்தாள், வேறு வரிசை. கிள்ளையில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக வேலை பார்த்தவள். கடல் வந்தது ஞாயிற்றுக்கிழமை. காய்ச்சலாக இருந்த மகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள். புருஷன் பிள்ளையைத் தூக்கி ஒரு லாரியின் மேல் இருந்தவர்களிடம் கொடுத்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் இல்லை. லாரி எங்கே போனது என்றும் தெரியவில்லை.

கூட அவள் தம்பி ராபர்ட் வந்திருந்தான். லேப் டெக்னீஷியன் படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அக்காள் பேசும்போது குறுக்கே பேசாமல் நின்றான்.

"பேரு இசைவாணி சார். கடல் வந்தப்ப நாலு முடிஞ்சிருந்துச்சு. நெத்தியில ஒரு தழும்பு இருக்கும்" என்றாள் ராசம்மாள்.

"தழும்பு வேண்டாம்மா. தூங்கும்போது என்ன செய்யும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். அந்த அறையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பக்கத்துல யாரு படுத்திருந்தாலும் காதப் புடிச்சிக்கும் சார். காது கையில இருந்தாதான் தூக்கம் வரும். இவன் காதப் பாருங்க, ஒண்ணு நீளமாவே போயிருச்சு."

ராபர்ட் வெட்கத்தோடு தன் காதைத் தொட்டுக்கொண்டான்.

அதே சமயத்தில் இன்னொரு வேலையும் என்னிடம் இருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் செந்தமிழ்செல்வன் என்று ஒருவர், விதைக்கடை வைத்திருப்பவர். பரம்பரையாக விவசாயக் குடும்பம். அவருடைய மகள் பவானி, அரைப் பரீட்சை லீவுக்குக் கடலூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கும் நாலு வயது. மனைவி லோகநாயகி வெள்ளிக் கொலுசின் ஜோடியை எங்கே வாங்கினோம், எந்தத் திருகு தளர்ந்திருந்தது என்பதுவரை சொன்னாள். மூழ்கிய வீடுகளுக்குள் முங்கிப் பாத்திரம், கதவு எடுத்து விற்கும் பக்கிரி என்பவன் எனக்குப் பழக்கம். அவன் முதுநகரில் ஒரு வீட்டின் உள்ளறையிலிருந்து ஒரு கொலுசை எடுத்துக் கொடுத்தான். திருகு தளர்ந்திருந்தது. அது எதில் மாட்டியிருந்தது என்று அவன் சொன்னான். நான் மேலே கேட்கவில்லை.

கொலுசை உடனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஒரு வீட்டுக்கு அப்படிப்பட்ட செய்தி கொண்டுபோக எனக்கு எப்போதுமே கால் வருவதில்லை. பையில் போட்டு வைத்திருந்தேன்.

2006 கடைசியில் இசைவாணியைக் கண்டுபிடித்தேன். விருத்தாசலத்தில் ஒரு காப்பகம். நான் ஒவ்வொரு காப்பகத்திலும் ஆயாக்களிடம்தான் பேசுவேன். அங்கே ஒரு ஆயா, "ஒண்ணு இருக்கு சார், ராவெல்லாம் காதப் புடிச்சி இழுத்து எடுத்துரும்" என்றாள். கூட்டிவரச் சொன்னேன். ஆறு வயது. நெற்றியில் தழும்பு இருந்தது. பேச்சு குறைவு. காப்பகத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை, ஒரு வாய் குறைந்தால் சரி என்று அனுப்பினார்கள்.

பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வந்தாள். நெய்வேலி தாண்டியதும் தூங்கிவிட்டாள். தூக்கத்திலேயே கை மேலே வந்து என் காதைப் பிடித்துக்கொண்டது. மேடம், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறதா என்று நான் கேட்கக் கூடாது. என் மகள் போன பிறகு என்னை யாரும் தொட்டதில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டான். பைக்குள் கை விட்டால் அவள் கை நழுவிவிடும் என்று, பிறகு தருகிறேன் என்றேன்.

கேப்பர் மலை அடிவாரத்தில் இறங்கியபோது கார மழை பெய்து முடித்திருந்தது. மரத்திலெல்லாம் இலை சுருண்டு கிடந்தது. மலைச்சரிவில் ஏறினால் இருமல் சத்தம்தான் முதலில் கேட்கும். எல்லாக் கொட்டகைகளிலிருந்தும் வரும், தவளைச் சத்தம் மாதிரி. தண்ணீர் லாரிக்கு வரிசை நின்றிருந்தது. வரிசையில் ராசம்மாள் நின்றிருந்தாள். ஈரத்துண்டால் மூக்கை மூடியிருந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பிறகு குடத்தை எடுத்து நகர்த்தினாள். ஒரு கூப்பிடு தூரம்தான். அவள் எங்களைப் பார்க்கவில்லை. பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ராசம்மாள் கொட்டகையின் கூரையைப் பார்த்தேன். என் கொட்டகைக்குப் போட்ட அதே தகரம்.

நான் சொல்வதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பிள்ளையை அங்கே கொடுத்தால் ராசம்மாள் சந்தோஷப்படுவாள். எத்தனை மழைக்கு? அடுத்த வருஷம் அவளும் என்னைப் போல ஓட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஸ்ரீமுஷ்ணத்தில் காற்று சுத்தம். செந்தமிழ்செல்வன் வீட்டில் மெத்தைமாடி, கொல்லையில் இனிக்கிற கிணறு. அங்கே ஒரு தாய் கொலுசுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தோளில் உயிரோடு ஒரு பிள்ளை இருக்கிறது. பைக்குள் செத்த பிள்ளையின் கொலுசு இருக்கிறது. எதை எங்கே கொடுத்தால் பிள்ளை வளரும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு.

திரும்பி நடந்தேன். வடலூர் வந்து, சேத்தியாத்தோப்பு வழியாக ஸ்ரீமுஷ்ணம் போகும் பஸ் பிடித்தேன்.

லோகநாயகி வாசலுக்கு ஓடி வந்தாள். பிள்ளையை வாங்கினாள், முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பயத்துல எம்புள்ள முகமே மாறிப்போச்சுங்க" என்றாள்.

செந்தமிழ்செல்வன் தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. பவானிக்கு நெற்றியில் தழும்பு கிடையாது. அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

"சாப்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அது நன்றாக அமைந்தது. அதற்குப் பிறகு வேறு சில வீடுகளுக்கும் அப்படிச் செய்தேன். விலாசங்களை எழுதித் தருகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது ராசம்மாளைப் பற்றி.

அவளை நான் கைவிடவில்லை. மாதாமாதம் முகாமுக்குப் போவேன். அவளுக்கு இருமல் மருந்து வாங்கிப் போவேன். இந்த மாதம் எங்கெங்கே தேடினேன் என்று சொல்வேன். பண்ருட்டி, திண்டிவனம், ஒரு தடவை சேலம். அவள் ஒவ்வொரு ஊர் பெயருக்கும் தலையாட்டிக் கேட்பாள். "உங்களுக்கு அலைச்சல் ஜாஸ்தி சார்" என்பாள். டீச்சர் இல்லையா, பிள்ளை இந்த வருஷம் எந்த வகுப்பில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த வகுப்புப் பாடப் புத்தகத்தை எங்கேயாவது வாங்கி வைத்திருப்பாள். வந்ததும் படிப்பு விட்டுப் போகக் கூடாது என்பாள்.

ஸ்ரீமுஷ்ணத்துக்கும் மாதாமாதம் போவேன். பிள்ளை வளர்ந்தாள். பூவராகர் கோயில் தேர்த் திருவிழாவில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஒரு இருமல் இல்லை. என்னை மாமா என்று கூப்பிடுவாள். லோகநாயகி அவளுக்கு என்னைப் பற்றி, "இந்த மாமா இல்லன்னா நீ இல்ல" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். உண்மைதானே.

இப்படியே இருந்திருக்கும். ரத்தப் பெட்டி வந்ததால்தான் எல்லாம் கெட்டது.

2010இல் சர்க்கார் அதைக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஒரு தண்ணீர் அட்டை. அட்டை வேண்டுமானால் உறவு நிரூபிக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அந்தப் பெட்டிக்குள் விட்டால், யார் யாருக்குப் பிள்ளை என்று உடனே சொல்லிவிடும். ஆளைத் தேடுகிறவர்களும் தங்கள் ரத்தத்தைக் கொடுத்து வைக்கலாம். ராசம்மாள் முதல் நாளே போய்க் கொடுத்தாள். சிதம்பரத்தில் பெட்டிக்குப் பொறுப்பாக வேலைக்குச் சேர்ந்தவன் ராபர்ட். வேலை கிடைத்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

லோகநாயகி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அட்டை வாங்க வந்திருக்கிறாள். அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள். நம்பாதவர் அவள் புருஷன். ஆனால் போக வேண்டாம் என்று அவர் எந்த வாயால் சொல்வார்? பெட்டி உறவில்லை என்று காட்டியது. ராபர்ட் நல்ல பையன். அந்தம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெஷின் ரிப்பேரும்மா, அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிவிட்டான். பதிவிலும் ஏற்றவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளையின் ரத்தத்தைத் தேடுகிறவர்களின் ரத்தத்தோடு ஒட்டிப் பார்த்திருக்கிறான்.

அன்று மதியம் கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு என் அறைக்கு வந்தான். மூச்சு வாங்கியது.

"அண்ணே, உக்காருங்க. நீங்க உக்காந்தாதான் சொல்லுவேன்."

"என்னடா?"

"வாணி கெடச்சிட்டாண்ணே. ஸ்ரீமுஷ்ணத்துல இருக்கா. நல்லா உசரமா இருக்கா. என் முன்னாடி நிக்கிறா, எனக்குத் தெரியலண்ணே, ரத்தம் எடுக்கக் கையப் புடிக்கிறேன், அப்பக்கூடத் தெரியல."

அழுதான். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்காவுக்குச் சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. இத்தன வருசமா அலஞ்சது நீங்க. ஒங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு. நாம ரெண்டு பேருமா போயி அக்காகிட்டச் சொல்லலாம்."

அவன் வேறு பதில் சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பான். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஜிலேபி எடுத்துக்கொண்டேன். அவசரப்படாதே என்றேன். வளர்த்தவர்கள் சும்மா விட மாட்டார்கள், வக்கீல் வைப்பார்கள், பிள்ளையை அவர்களிடம் கொடுத்தவன் யார் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்றேன். கிள்ளையில் கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் பக்கிரி என்று ஒருவன் தங்கியிருக்கிறான், அவனுக்கு எல்லாம் தெரியும், அவன் வாயால் கேட்டுவிட்டு நேராக அக்காவிடம் போய்விடலாம் என்றேன். ராபர்ட் சரி என்றான். பக்கிரி அப்போது பரங்கிப்பேட்டைப் பக்கம் வேலையாகப் போயிருந்தான்.

விடுதிப் படிக்கட்டில் என் படகு நின்றது. வடக்கே வானம் மஞ்சள் கட்டியிருந்தது. படகுக்காரர்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் அதைக் கவனிக்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். கீழே இருக்கும் ஊர் அவன் ஊர். இதுதான் பள்ளிக்கூடத் தெரு அண்ணே, இங்கதான் எங்க வீடு என்று தண்ணீரைக் காட்டினான். அக்காளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். பட்டென்று சொன்னால் அவளுக்கு நெஞ்சு தாங்காது என்று பயந்தான்.

மண்டபத்து மாடிச்சுவரில் கயிற்றைக் கட்டியதும் அவன்தான் முதலில் ஏறினான். அந்த மாடியில் ஒதுங்க இடமில்லை. மாடிப்படிக் கதவுவரை தண்ணீர். அவன் அந்தக் கோடிக்குப் போய், "அண்ணே, இங்க யாரும் இல்லயே" என்றான். நான் கயிற்றை அவிழ்த்தேன். படகு விலகியது.

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, கயிறு அவுந்துடுச்சு. ஆடாம உக்காருங்க, பயப்படாதீங்க."

எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் சொன்னான்.

நான் இன்ஜினைப் போட்டேன். அவனை நான் தொடவில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விடுதிக்குத் திரும்பும் படகு வாய்க்காலுக்கு நேராக வந்ததும் திரும்பிப் பார்த்தேன். கையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் படகைத் திருப்ப முடியாமல் தடுமாறுகிறேன் என்று நினைத்திருப்பான், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். நான் விடுதிக் கரை சேர்வதற்குள் சங்கு ஊதியது. மழை விழும் தண்ணீரில் எந்த நீச்சல்காரனும் இறங்க மாட்டான்.

மழை நின்ற பிறகு போய்ப் பார்த்தேன். அவனைத் தண்ணீரில் இறக்கியதும் நான்தான். உங்கள் ஸ்டேஷன்காரர்கள் கண்டெடுத்த அடையாளம் தெரியாத உடல் அவனுடையதுதான்.

ராசம்மாள் என்னைத் தேடிச் சிதம்பரத்துக்கே வந்தாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வரும் உடம்பு இல்லை அவளுக்கு. மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கிப் போனேன்.

"தம்பி ரூமுக்கே வரலயாம் சார். வேலைக்கும் வரலயாம். சொல்லாம எங்கயும் போறவன் இல்ல. ஒங்களத் தவிர எனக்கு யாரத் தெரியும்?"

அந்தத் தேடலையும் ஏற்றுக்கொண்டேன். அவன் கூடப் படித்தவர்களை விசாரித்தேன், சாப்பிடும் ஓட்டலில் விசாரித்தேன். ஒழுங்காகத்தான் செய்தேன். அதற்குள் பெட்டி நிஜமாகவே கெட்டுப்போய், ரிப்பேருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்ரீமுஷ்ணம் வீட்டுக்கு வேறு வழியில் அட்டை வாங்கிக் கொடுத்தேன்.

ராசம்மாள் மட்டும் விடவில்லை. "புதுப் பொட்டி வருதாம் சார். வந்தா நான் அங்கயே போயி உக்காந்துக்கறேன். வர்ற புள்ளைங்கள எல்லாம் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான்.

தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செத்ததற்கு அழுதவர்கள் ஒரு நாள் எழுந்து சமைப்பார்கள். தெரியாமல் இருப்பவர்கள்தான் எழுவதே இல்லை. அவளுக்கு ஒரு முடிவு கொடுப்பதுதான் தர்மம் என்று எனக்குப் பட்டது. போன வருஷம், மழைக்காலம் தொடங்கியிருந்தது. கொலுசை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். லாரி கடலூரைத் தாண்டவே இல்லை, அன்றைக்கே மூழ்கிவிட்டது, பிள்ளையின் காலில் இது இருந்தது என்றேன். ராபர்ட்டுக்கு உண்மை தெரிந்துதான் தாங்க முடியாமல் எங்கோ போய்விட்டான், இனி வர மாட்டான் என்றேன்.

அவள் கொலுசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்பொண்ணுக்கு நான் கொலுசே போட்டதில்லயே சார்."

நான் அதை யோசித்திருக்கவில்லை. லாரியில் யாராவது போட்டுவிட்டிருப்பார்கள் என்றேன்.

கொலுசை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள்.

"யாரோ போட்டு அழகு பாத்துருக்காங்க" என்றாள். "கடைசியா ஒரு மகராசி கையிலதான் இருந்திருக்கா. அது போதும் சார்."

எனக்கு நன்றி சொன்னாள். வாங்கி வைத்திருந்த பாடப் புத்தகங்களை முகாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அடுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த தடவை சங்கு ஊதியபோது எல்லாரும் உள்ளே போனார்கள். அவள் மட்டும் வெளியே வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்க கதவச் சாத்திக்கங்க" என்றாளாம். மழை விடும்வரை உட்கார்ந்திருந்தாளாம். அடக்கத்துக்கு நான் போனேன். அவளுக்கு வேறு யாரும் இல்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். நான் அவளுக்கு ஒரு பதில்தான் கொடுத்தேன்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்தது எப்படி என்று காலையில் சொன்னீர்கள். நான் நம்பவில்லை. பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு வயதுப் பெண் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து, புதுப் பெட்டி முன்னால் விரலை நீட்டி, எங்கம்மா யாருன்னு பாருங்க என்று கேட்டாள் என்றீர்கள். அம்மாவின் பெயரையும், தன்னை ஸ்ரீமுஷ்ணத்தில் கொண்டுவிட்ட மாமாவைப் பற்றியும் அவளே சொன்னாள் என்றீர்கள். பெட்டி ராசம்மாள் பெயரைக் காட்டி, பக்கத்தில் இறப்பு என்றும் காட்டியதாம். அவள் எப்போது என்று மட்டும் கேட்டாளாம்.

அப்படியானால் நான் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கேப்பர் மலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது. இருமல் சத்தத்தில் விழித்துவிட்டாள். தண்ணீர் வரிசையைப் பார்த்தாள். அம்மா என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், சந்தேகமாக. இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வாயைத் திறந்தபோது நான் கையால் மூடினேன். கீழே பஸ் நிற்கும் இடம் வரும்வரை கையை எடுக்கவில்லை. அவள் கடிக்கவில்லை, உதைக்கவில்லை. கண்ணை மட்டும் அந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒவ்வொரு மாதமும் நான் கிளம்பும்போது தெருமுனைவரை வருவாள். வீட்டில் இருப்பவர்கள் காதில் விழக் கூடாது என்று அங்கே வந்துதான் கேட்பாள். "மாமா, எங்கம்மா இன்னும் அங்கதான இருக்கா? எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?" மழை நின்றதும் போகலாம் என்பேன். சரி மாமா என்பாள். அவளுக்கு அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகப் படித்தாள். அதனால் அந்தக் கேள்வியை நான் ஒரு பழக்கமாகத்தான் எடுத்துக்கொண்டேன். சின்ன வயதுப் பழக்கங்கள் தானாகப் போய்விடும்.

இந்தத் தை மாதம் போனபோது அவள் கேட்கவில்லை. தெருமுனைவரை வந்தாள். "போயிட்டு வாங்க மாமா" என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், திரும்பி நடந்தாள். அன்று பஸ்ஸில் எனக்கு மனசு லேசாக இருந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.